காரில் ஒலிபெருக்கி: உரத்த ஒலியா, தெளிந்த ஒலியா?

கெடா மாநிலத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ஒலிபெருக்கி என்றவுடன் நினைவுக்கு வருவது, கோயில் திருவிழாவின்போது மரத்தின் உச்சியில் கட்டப்படும் குழாய் ஸ்பீக்கரே ஆகும். பீடோங் ஹார்வர்ட் தோட்டமாயினும், கூலிம் டப்ளின் தோட்டமாயினும், திருவிழா நாளில் விடியுமுன்னே எழும் நாதசுர ஒலி ரப்பர் நிரைகளைக் கடந்து கடைசி லயத்தையும் எட்டிவிடும். அக்குழாய்க்கு ஊட்டப்பட்ட மின்னாற்றலோ பெரும்பாலும் சில பத்து வாட்டுகளே. அந்தச் சில பத்து வாட்டுகளைக் கொண்டே ஒரு தோட்டம் முழுவதையும் துயிலெழுப்ப முடிந்தது.

இன்று சுங்கை பட்டாணியிலும் அலோர் ஸ்டாரிலும் உள்ள கார் அலங்காரக் கடைகளில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் ஒலிபெருக்கிப் பெட்டிகளின் மீது 300 வாட், 500 வாட் என்ற எண்கள் பொன்னெழுத்துகளில் மின்னுகின்றன. ஆயினும், அவற்றை வாங்கிப் பொருத்திய கார்கள் பலவற்றில், நெடுஞ்சாலையில் ஓடும்போது, வானொலியில் செய்தி வாசிப்பவர் என்ன சொல்கிறார் என்பது விளங்குவதில்லை. விளங்கவில்லையே என்று ஒலியைக் கூட்டினால், கதவு அதிர்கிறது, கண்ணாடி நடுங்குகிறது, சொல் மட்டும் தெளியவில்லை. இது ஏன்? வாட் மிகுந்தும் தெளிவு குறைவதற்குக் காரணம் என்ன? பணத்தைச் செலவிடுமுன் இதனை அறிந்துகொள்வது நலம். ஏனெனில் இங்கே இழக்கப்படுவது பணம் மட்டுமன்று.

காதுக்குக் காப்பும் காதுக்குக் கேடும்

தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறியும், வீடமைப்புத் திட்டங்களுக்கு விற்கப்பட்டும் போனபின், தோட்டக் குடும்பங்களின் பிள்ளைகளுள் பலர் தொழிற்சாலைகளை நாடினர். 1996-இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவிலும், சுங்கை பட்டாணியைச் சூழ்ந்த தொழிற்பேட்டைகளிலும் அவர்கள் இன்று வேலை செய்கின்றனர். இயந்திர இரைச்சல் மிகுந்த பகுதிகளில் அவர்கள் காதடைப்பான் அணியவேண்டும். 2019 ஜூன் முதல் மலேசியாவில் நடைமுறையில் உள்ள இரைச்சல் விதிகளின்படி, தொழிலாளி ஒருவரின் காதில் எட்டு மணி நேர வேலையில் விழத்தக்க இரைச்சலின் எல்லை 85 டெசிபெல் ஆகும். அதற்கு முன், 1989-ஆம் ஆண்டின் விதிகளில் இவ்வெல்லை 90 டெசிபெல்லாக இருந்தது. அறிவு வளர வளர எல்லை இறக்கப்பட்டது.

இவ்வெல்லையில் ஒரு கணக்கு அடங்கியிருக்கிறது. இரைச்சல் 3 டெசிபெல் கூடினால், காது தாங்கக்கூடிய நேரம் பாதியாகக் குறையும். 85 டெசிபெல்லுக்கு எட்டு மணி நேரம், 88-க்கு நான்கு மணி, 91-க்கு இரண்டு, 94-க்கு ஒன்று, 97-க்கு அரை மணி, 100-க்குக் கால் மணி. கூலிமில் வேலை முடித்துச் சுங்கை பட்டாணிக்குக் காரில் திரும்பும் இளைஞர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். பகல் முழுவதும் அவர் காதைச் சட்டம் காத்தது. மாலையில் அவரே காதடைப்பானைக் கழற்றிவிட்டு, காரின் கதவுகளை மூடிக்கொண்டு, 100 டெசிபெல் ஒலியில் பாட்டுக் கேட்டுச் செல்கிறார். பயணத்தின் முதற் கால்மணியிலேயே அவர் அன்றைய பங்கு முழுவதையும் செலவழித்துவிடுகிறார். மீதிப் பயணம் முழுவதும் கடன்.

இக்கடனைக் காது திருப்பிக் கட்டமுடியாது. மனிதனின் ஒவ்வொரு உட்காதிலும் ஒலியை உணரும் மயிரணுக்கள் ஏறத்தாழ 15,000 உள்ளன. பிறக்கும்போது உள்ளவை அவ்வளவே; அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. மேலும், பேரிரைச்சல் முதலில் தாக்குவது வினாடிக்கு 4,000 அதிர்வை ஒட்டிய பகுதியையே. தமிழில் லகர, ளகர, ழகரங்களையும், னகர, ணகரங்களையும் பிரித்துக் காட்டும் நுண்ணிய வேறுபாடுகள், ச, த, ட போன்ற வல்லினங்களின் கூர்மை ஆகியவை வினாடிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட அதிர்வுகளிலேயே பெரும்பாலும் அமைந்துள்ளன. எனவே, இரைச்சலால் கெட்ட காதுக்குக் குரல் கேட்கும், சொல் விளங்காது. "பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்பதுதான் தெரியவில்லை" என்று முதியோர் பலர் சொல்லும் குறை, முப்பது வயதிலேயே வந்துவிடும்.

காது களைத்துவிட்டதா என்பதை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. மாலையில் வீடு சேர்ந்ததும் வானொலியின் ஒலியளவை மாற்றாமல் அப்படியே காரை நிறுத்திவிட வேண்டும். மறுநாட் காலை இயந்திரத்தை முடுக்கியவுடன் அதே ஒலியளவு செவியைப் பிளப்பதுபோல் தோன்றுமானால், முந்திய மாலை காது மரத்துப் போயிருந்தது என்பது பொருள்.

ஆகவே, காருக்கு ஒலிபெருக்கி தேர்ந்தெடுப்போர் கேட்கவேண்டிய கேள்வி, "எது உரக்கப் பாடும்?" என்பதன்று. "எதைக் கொண்டு ஒலியைக் குறைத்து வைத்தும் தெளிவாகக் கேட்கலாம்?" என்பதே ஆகும். இனி வருவன யாவும் இக்கேள்விக்கு விடை தேடுவனவே.

ஒலிபெருக்கி எவ்வாறு இயங்குகிறது

இன்றைய ஒலிபெருக்கியின் அடிப்படை அமைப்பு நூறாண்டுப் பழமையுடையது. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்ற பொறியியலார் இருவர் 1925-இல் அதனை வெளியிட்டனர். காந்தத்தின் இடைவெளியில் மெல்லிய செப்புக் கம்பிச் சுருள் ஒன்று தொங்குகிறது. அதில் மின்னோட்டம் மாறி மாறிப் பாயும்போது சுருள் முன்னும் பின்னும் ஆடுகிறது. சுருளோடு ஒட்டிய தாள் கூம்பும் ஆடி, காற்றைத் தள்ளி ஒலியாக்குகிறது. இதற்கு ஐந்தாண்டுகளுக்குப் பின், 1930-இல், கால்வின் நிறுவனத்தார் 'மோட்டரோலா' என்னும் பெயரில் கார் வானொலியை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தனர்.

கெடா மக்களுக்கு இத்தொழில் அயலானதன்று. 1972-இல் பினாங்கின் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கப்பட்ட பின், மின்னணுத் தொழிற்சாலைகள் அங்கே பெருகின. கிளாரியன் போன்ற நிறுவனங்களின் கார் வானொலிகள் பினாங்கிலேயே செய்யப்பட்டன. 1985-இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டபின், கெடாவின் தென்பகுதியிலிருந்து தொழிற்சாலைப் பேருந்துகளில் சென்று வருவது எளிதாயிற்று. வானொலியை ஒன்றுசேர்க்கும் வேலையை அறிந்த கைகள் கெடாவில் பல உண்டு. அதை வாங்கும்போது எதைப் பார்ப்பது என்பதே பலருக்குத் தெரியாமல் இருக்கிறது.

வாட் என்னும் மயக்கம்

கடைக்காரர் முதலில் காட்டுவது வாட் எண்ணையே. இதில் இரு வகை உண்டு. ஒரு கணம் மட்டும் தாங்கும் 'உச்ச ஆற்றல்' ஒன்று. இடைவிடாமல் தாங்கும் 'தொடர் ஆற்றல்' மற்றொன்று. பின்னதைக் கடைகளில் 'ஆர்.எம்.எஸ்.' என்பர். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்படுவது முன்னது. பெட்டியின் பக்கவாட்டில் சிறிதாக அச்சிடப்படுவது பின்னது. பார்க்கவேண்டியது சிறிய எழுத்தையே.

கார் வானொலிகளின் முகத்தில் '50 வாட் பெருக்கல் 4' என்று எழுதியிருப்பதைப் பலர் கண்டிருப்பர். இது எவ்வளவு உண்மை என்பதைப் பள்ளிக் கணக்கைக் கொண்டே ஆராயலாம். இயந்திரம் ஓடும்போது காரின் மின்னழுத்தம் அதிகமாகப் போனால் 14.4 வோல்ட். ஒலிபெருக்கியின் தடை பெரும்பாலும் 4 ஓம். மின்னழுத்தத்தை அதனாலேயே பெருக்கித் தடையால் வகுத்தால் வாட் கிடைக்கும். 14.4 பெருக்கல் 14.4, வகுத்தல் 4: விடை ஏறத்தாழ 52. ஐம்பது வாட் எங்கிருந்து வந்தது என்பது இப்போது தெரிகிறது. ஆனால், அலையின் தலையும் அடியும் வெட்டுண்டு, சதுரமாகிப்போன ஒலிக்குத்தான் இந்த அளவு பொருந்தும். அது பாட்டன்று, இரைச்சல். உருக்குலையாத அலைக்கு 14.4-ஐ இரண்டின் வர்க்கமூலமாகிய 1.414-ஆல் வகுக்க வேண்டும். அப்போது 10.2 வோல்ட்டே கிடைக்கும். அதன்படி 26 வாட். கருவிக்குள்ளே வீணாவதைக் கழித்தால், ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 18 முதல் 20 வாட் வரையே மிஞ்சும்.

இருபது வாட் மட்டுமே தரக்கூடிய வானொலியோடு 300 வாட் தாங்கும் ஒலிபெருக்கியை இணைப்பதால் 300 வாட் ஒலி பிறந்துவிடாது. பத்துப் பேர் சுமக்கும் பல்லக்கை ஒருவர் தலையில் வைத்தாற்போல், கனத்த கூம்பு அசைய மறுக்கும். வாட் எண் ஒலிபெருக்கியின் தாங்கும் வலிமையைச் சொல்கிறதே அன்றி, அது எழுப்பும் ஒலியின் அளவைச் சொல்வதில்லை. 

காணவேண்டிய எண்

எழுப்பும் ஒலியின் அளவைச் சொல்லும் எண் வேறொன்று. அதற்கு 'உணர்திறன்' என்று பெயர். ஒரு வாட் மின்னாற்றலைக் கொடுத்து, ஒரு மீட்டர் தொலைவில் நின்று அளந்தால் எத்தனை டெசிபெல் ஒலி கிடைக்கிறது என்பதே அது. மின்னாற்றலை இரு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபெல் மட்டுமே கூடும். காதுக்கு ஒலி இரு மடங்காகத் தோன்ற 10 டெசிபெல் கூடவேண்டும். அதற்கு ஆற்றல் பத்து மடங்கு வேண்டும்.

உணர்திறன் 86 டெசிபெல் உடைய ஒலிபெருக்கிக்கு 20 வாட் கொடுத்தால் 99 டெசிபெல் ஒலி எழும். உணர்திறன் 92 டெசிபெல் உடையதற்கு 5 வாட் கொடுத்தாலே அதே 99 டெசிபெல் எழும். திருவிழாக் குழாய் ஸ்பீக்கர் சில பத்து வாட்டில் தோட்டம் முழுவதையும் எழுப்பியதன் இரகசியம் இதுவே. விரிந்த குழாய் வடிவம், சிறு தகட்டின் அதிர்வைக் காற்றோடு நன்கு இணைத்துவிடுவதால், அதன் உணர்திறன் 100 டெசிபெல்லையும் கடந்து நிற்கும். ஆனால், தாழ்ந்த ஒலிகளையும் மிக உயர்ந்த ஒலிகளையும் அது விட்டுவிடும். உரக்கப் பேசவும் தொலைவு செல்லவும் அது பிறந்தது, இனிமைக்காகப் பிறக்கவில்லை. காருக்கு வேண்டியது இரண்டுக்கும் இடைப்பட்டது.

தனி ஆம்பிளிஃபயர் வைக்காமல், காரோடு வந்த வானொலியையே பயன்படுத்துவோர் உணர்திறன் 90 டெசிபெல்லோ அதற்கு மேலோ உள்ள ஒலிபெருக்கியைத் தேர்ந்தெடுப்பது நன்று. இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. சில நிறுவனங்கள் ஒரு வாட்டுக்குப் பதிலாக 2.83 வோல்ட் கொடுத்து அளக்கின்றன. 4 ஓம் ஒலிபெருக்கியில் இது இரண்டு வாட் ஆகிவிடும். எண் 3 டெசிபெல் கூடித் தோன்றும். இரண்டு ஒலிபெருக்கிகளை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே முறையில் அளக்கப்பட்டவையா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தடையும் அவ்வாறே. 4 ஓமுக்கென்று செய்த வானொலியில் 2 ஓம் ஒலிபெருக்கியை மாட்டினால், இரு மடங்கு மின்னோட்டம் இழுத்து வானொலி சூடேறிக் கெடும்.

கதவே பெட்டி

ஒலிபெருக்கியை மாற்றுமுன் செய்யத்தக்க வேலை ஒன்று உண்டு. அதற்குச் செலவு குறைவு, பயன் மிகுதி. ஆயினும் பலர் அதை விட்டுவிடுகின்றனர். 

கூம்பு முன்னே தள்ளும்போது பின்பக்கத்தில் காற்றை இழுக்கிறது. முன்னே எழும் அலையும் பின்னே எழும் அலையும் ஒன்றுக்கொன்று எதிரானவை. இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். தாழ்ந்த ஒலிகளே முதலில் அழியும். வீட்டில் உள்ள ஒலிபெருக்கியை மரப்பெட்டிக்குள் அடைத்து வைப்பது இவ்விரண்டும் சந்திக்காமல் தடுப்பதற்கே. காரில் அம்மரப்பெட்டியின் வேலையைக் கதவு செய்யவேண்டும். கதவோ மெல்லிய தகரம். உட்பக்கத்தில் கை நுழையும் அளவுக்குப் பெரிய ஓட்டைகள் உண்டு. அவற்றை மூடுவது ஒரு நெகிழித் தாள் மட்டுமே. விலையுயர்ந்த ஒலிபெருக்கியை இத்தகைய கதவில் பொருத்துவது, ஓட்டைப் பானையில் பால் வாங்குவதை ஒக்கும்.

செய்யவேண்டியது இதுதான். ஒரு பக்கம் அலுமினியத் தகடும் மறுபக்கம் பசையுள்ள பியூட்டைல் ரப்பரும் கொண்ட விரிப்புகள் கடைகளில் கிடைக்கின்றன. கதவின் வெளித்தகட்டின் உட்புறத்தில், ஒலிபெருக்கிக்கு நேர் பின்னே ஒரு துண்டை அழுத்தி ஒட்ட வேண்டும். உட்தகட்டின் பெரிய ஓட்டைகளை அடைக்க வேண்டும். ஒலிபெருக்கிக்கும் தகட்டுக்கும் இடையே காற்றுப் புகாதபடி வளையம் வைத்துத் திருகாணிகளை இறுக்க வேண்டும். ஆனால், கதவின் அடிவிளிம்பில் உள்ள சிறு துளைகளை அடைக்கவே கூடாது. அவை மழைநீர் வடிவதற்கானவை. அடைத்தால் நீர் தேங்கிக் கதவு துருப்பிடிக்கும்.

இதனால் இரட்டைப் பயன் உண்டு. சிறு காரில் வடக்கு - தெற்கு நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, வண்டிக்குள் எழும் சாலையிரைச்சல் ஏறத்தாழ 70 டெசிபெல் இருக்கும். அருகிருந்து இயல்பாகப் பேசும் குரலோ ஏறத்தாழ 60 டெசிபெல். வானொலியின் சொல் விளங்கவேண்டுமானால் அது சாலையிரைச்சலை மிஞ்சவேண்டும். இரைச்சலைச் சற்றுக் குறைத்தால், வானொலியையும் அந்த அளவுக்குக் குறைத்து வைக்கலாம். ஆற்றலைக் கூட்டிப் பெறும் தெளிவைவிட, இரைச்சலைக் குறைத்துப் பெறும் தெளிவே காதுக்கு உகந்தது. தேய்ந்த டயரை மாற்றுவதும், கதவின் ரப்பர் விளிம்பைப் புதுப்பிப்பதும்கூட இவ்வகையில் ஒலிச் சீர்திருத்தமே ஆகும்.

எவ்வகை, எவ்வளவு

கதவைச் செம்மைப்படுத்திய பின் ஒலிபெருக்கியைத் தேடலாம். காரில் நான்கு ஒலிபெருக்கிகள் இருந்தாலும் முதலில் மாற்றவேண்டியது முன்கதவுகளில் உள்ள இரண்டையே. கச்சேரியைக் கேட்போர் மேடையை நோக்கி அமர்வரேயன்றி, மேடைக்கு முதுகு காட்டி அமர்வதில்லை. பின்னிருக்கையில் எப்போதும் ஆள் இருக்கும் குடும்ப வண்டியானால், பின்னுள்ளவற்றை அடுத்து மாற்றலாம். இல்லையேல் அப்பணத்தை முன்னவற்றிற்கே செலவிடுவது சிறப்பு.

முன் ஒலிபெருக்கிகளில் இரு வகை உண்டு. பெரிய கூம்பின் நடுவிலேயே உயர்ந்த ஒலிக்கான சிறு ஒலிபெருக்கியைப் பொருத்தியிருப்பது ஒன்று. இதனைக் 'கோஆக்சியல்' என்பர். தாழ்ந்த ஒலிக்கு ஒன்றும் உயர்ந்த ஒலிக்கு ஒன்றுமாக இரண்டையும் தனித்தனியே தருவது மற்றொன்று; இது 'காம்பொனன்ட்' எனப்படும். பின்னதில் உயர்ந்த ஒலி தரும் 'ட்வீட்டர்' கண்ணாடி மூலையிலோ முகப்பின் மேலோ பொருத்தப்படும். கதவின் கீழ்ப்பகுதியில் உள்ள ஒலிபெருக்கி முழங்காலை நோக்கிப் பாடுவதாலும், உயர்ந்த ஒலிகள் நேர்க்கோட்டில் செல்வதாலும், சொல்லின் கூர்மை இருக்கைத் துணியில் மோதி மறைந்துவிடுகிறது. ட்வீட்டரை மேலே வைத்தால் அது முகத்தை நோக்கி வரும். சொல் தெளிவே குறிக்கோளாயின் இரண்டாம் வகை மேலானது. பழைய வண்டிக்கும் குறைந்த செலவுக்கும் முதல் வகையே போதும்.

அளவில் 4 அங்குலம், 5¼ அங்குலம், 6½ அங்குலம் என்ற வட்ட வடிவங்களும், 6-க்கு 9 அங்குலம் என்ற நீள்வட்டமும் வழக்கில் உள்ளன. சாகா, கஞ்சில், மைவி என்று வண்டிக்கு வண்டி, ஆண்டுக்கு ஆண்டு அளவு மாறுகிறது. ஆதலால் பிறர் சொல்வதை நம்பாமல் கதவின் உள்மூடியைக் கழற்றி அளந்து பார்ப்பதே நல்லது. அகலத்தைப் போலவே ஆழமும் முக்கியம். சன்னற் கண்ணாடியை முழுதும் இறக்கிவிட்டு, தகட்டிலிருந்து கண்ணாடி வரை உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். இதனை மறந்து வாங்கியோரின் கண்ணாடி, காந்தத்தில் இடித்துப் பாதியில் நின்றுவிடும்.

கெடாவின் வெயிலும் ஈரமும் ஒலிபெருக்கிக்குப் பகையானவை. கதவுக்குள் மழைநீர் இறங்கும். வெயிலில் நிறுத்திய வண்டி அடுப்பாகக் கொதிக்கும். பூச்சு இல்லாத தாள் கூம்பு ஈரத்தில் தளர்ந்துவிடும். பாலிபுரொப்பிலீன் கூம்போ, நீர் புகாப் பூச்சுடைய தாள் கூம்போ நெடுநாள் உழைக்கும். கூம்பைச் சுற்றியுள்ள வளையம் நுரைப்பஞ்சால் ஆனதாயின் சில ஆண்டுகளில் பொடிந்து உதிரும். ரப்பர் வளையமே சிறந்தது. ரப்பர் மரத்தோடு வாழ்ந்த மக்களுக்கு ரப்பரின் அருமையைச் சொல்லவேண்டியதில்லை.

பொருத்தும்போது வண்டியின் கம்பிகளை வெட்டாமல், அவ்வண்டிக்கெனக் கிடைக்கும் இணைப்புச் சொருகியைப் பயன்படுத்துவது நல்லது. வெட்டிய கம்பியால் வண்டியின் உத்தரவாதத்துக்கு இடையூறு வரக்கூடும். இரு பக்கத்து ஒலிபெருக்கிகளிலும் கூட்டல், கழித்தல் முனைகள் ஒரே முறையில் இணைந்திருக்க வேண்டும். ஒன்று மாறினால் ஒரு கூம்பு தள்ளும்போது மற்றது இழுக்கும். தாழ்ந்த ஒலி காணாமற்போகும். புது ஒலிபெருக்கி பழையதைவிட மெலிந்து ஒலிக்கிறது என்று குறை கூறுவோர் முதலில் இதனையே சோதிக்க வேண்டும். ஒன்றரை வோல்ட் மின்கலம் ஒன்றை ஒலிபெருக்கியின் முனைகளில் கணநேரம் தொட்டால், இரு பக்கத்துக் கூம்புகளும் ஒரே திசையில் அசையவேண்டும்.

ஆம்பிளிஃபயரும் தாழ்சுரப் பெட்டியும்

இவ்வளவும் செய்தபின் ஒலி போதவில்லையென்றால் மட்டுமே தனி ஆம்பிளிஃபயரை நாட வேண்டும். அதன் பயன் உரக்கப் பாடுவதன்று. மேளத்தின் திடீர் அடி போன்ற உச்சங்களில் அலை வெட்டுப்படாமல் காப்பதே ஆகும். ஆற்றல் போதாத வானொலியைக் கடைசி எண் வரை திருகும்போது, அலை சதுரமாகி, ட்வீட்டரின் மெல்லிய சுருளைச் சுட்டுவிடுகிறது. ஒலிபெருக்கிகள் பல எரிவது ஆற்றல் மிகுதியால் அன்று, ஆற்றல் பற்றாக்குறையைத் திருகித் தீர்க்க முயல்வதால்தான். ஒலிக்கட்டையை முக்கால் அளவுக்கு மேல் திருகாதிருப்பது நல்ல பழக்கம்.

ஆம்பிளிஃபயருக்கு மின்கலத்திலிருந்து நேரே தனிக்கம்பி இழுக்கவேண்டும். பழைய வகை ஆம்பிளிஃபயர் 200 வாட் ஒலி தர ஏறத்தாழ 400 வாட் இழுக்கும், 13.8 வோல்ட்டில் அது 29 ஆம்பியர் ஆகும். 'டி வகுப்பு' எனப்படும் புதுவகைக்கு வீண் குறைவு. எவ்வகையாயினும், மின்கலத்திலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் கம்பியில் ஃபியூஸ் இருந்தே தீரவேண்டும். ஆம்பிளிஃபயரின் பக்கத்தில் வைத்த ஃபியூஸ் ஆம்பிளிஃபயரையே காக்கும். இடைப்பட்ட கம்பி தகரத்தில் உராய்ந்து தோல் உரிந்தால் அதனால் பயனில்லை. கம்பி தகரத்தைத் துளைத்துச் செல்லும் இடத்தில் ரப்பர் வளையம் வேண்டும். கார்களில் தீப்பற்றுவதற்கு இவ்விரண்டையும் விட்டுவிட்ட அரைகுறை வேலை போதும்.

தாழ்சுரப் பெட்டியைப் பொறுத்தமட்டில் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். வினாடிக்கு 50 அதிர்வுடைய ஒலியலையின் நீளம் ஏறத்தாழ 7 மீட்டர். அது கதவையும் சுவரையும் எளிதில் கடந்துசெல்லும். இரவில் தெருவில் செல்லும் காரின் பாட்டு வீட்டுக்குள் 'தும், தும்' என்று மட்டும் கேட்பது இதனாலேயே. ஓட்டுநர் பாட்டைக் கேட்கிறார்; அண்டை வீட்டுக் குழந்தையும் நோயாளியும் அதிர்ச்சியை மட்டும் பெறுகின்றனர். சிறு பெட்டி ஒன்றை இருக்கைக்கடியில் வைத்து, அது இருப்பதே தெரியாத அளவுக்கு ஒலிக்கச் செய்வதே முறை. அதை நிறுத்தியபின்தான் அது இதுவரை ஒலித்தது தெரியவேண்டும்.

கேட்டுத் தெளிதல்

கடையில் ஒலிபெருக்கியைச் சோதிக்கும்போது கடைக்காரர் போடும் பாட்டைக் கேட்டு மயங்கலாகாது. நன்கு பழகிய ஒலிகளைக் கைப்பேசியில் கொண்டுசெல்ல வேண்டும். முதலாவது, ஒருவர் தனியே பேசும் தமிழ்ப் பேச்சு. மின்னல் எஃப்எம் செய்தியோ, ராகாவின் உரையாடலோ போதும். 'வலி', 'வழி', 'வளி' என்பன மூன்றும் வேறுவேறாகக் கேட்கின்றனவா என்று கவனிக்க வேண்டும். இரண்டாவது, நாதசுரமும் தவிலும். கூடு அணிந்த விரல்கள் எழுப்பும் கூரிய சொல்லும், கோல் எழுப்பும் தாழ்ந்த அதிர்வும் ஒன்றையொன்று விழுங்காமல் நிற்கவேண்டும். மூன்றாவது, உறுமி மேளம். உறுமியின் இழுபடும் முழக்கம் மேலும் கீழும் வழுக்கிச் செல்வது தொடர்ச்சியாகக் கேட்கவேண்டும். ஓரிடத்தில் மட்டும் பெருத்து ஒலித்தால் அது கதவின் ஒலியேயன்றி உறுமியின் ஒலியன்று.

இம்மூன்றையும் முதலில் குறைந்த ஒலியிலேயே கேட்க வேண்டும். இரண்டு ஒலிபெருக்கிகளை ஒப்பிடும்போது, சற்றே உரக்க ஒலிப்பது எப்போதும் நல்லதாகத் தோன்றும். இது காதின் இயல்பு. விற்போர் அனைவரும் அறிந்தது. எனவே இரண்டையும் ஒரே ஒலியளவுக்குக் கொணர்ந்தபின்பே முடிவு செய்ய வேண்டும்.

சுருங்கச் சொன்னால், வரிசை இதுவாகும்: முதலில் கதவு, அடுத்து முன் ஒலிபெருக்கிகள், அதன்பின் தேவையாயின் ஆம்பிளிஃபயர், கடைசியாகத் தாழ்சுரப் பெட்டி. இவ்வரிசையைத் தலைகீழாக்கித் தாழ்சுரப் பெட்டியில் தொடங்குவோரே பெரும்பாலும் இருமுறை செலவழிக்கின்றனர். இவ்வரிசையில் செல்வோர் பலருக்கு இரண்டாம் படியிலேயே மனம் நிறைந்துவிடும்.

கேள்விக்கெனத் தனி அதிகாரம் வகுத்தவர் வள்ளுவர். கேட்பதற்குக் காது வேண்டும். அது இருக்கும்வரை அதன் அருமை தெரிவதில்லை. வேலை முடிந்து சுங்கை பட்டாணிக்குத் திரும்பும் இளைஞரின் காரில் புதிய ஒலிபெருக்கிகள் இருக்கட்டும்; பாட்டும் இருக்கட்டும். ஆனால், அவை நன்கு தேர்ந்தெடுக்கப்பட்டவையா என்பதை அறிய அளவுகோல் ஒன்றே. ஒலியைக் கூட்டியபோது கார் எவ்வளவு அதிர்ந்தது என்பதன்று அது. ஒலியைக் குறைத்தபின்னும் பாட்டின் சொல் விளங்குகிறதா, பக்கத்து இருக்கையில் அமர்ந்துள்ள தாய் பேசுவதும் கேட்கிறதா என்பதே அந்த அளவுகோல்.